பூச்சி மேல் எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா?



“பூச்சி தின்றுவிட்டது.” கொள்ளேகாலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பொதுநிலத்து நீலகிரித் தோப்பின் கணக்கை இந்த இரண்டு சொற்களில் முடித்துவிட்டார்கள். இந்த வருஷம் வெட்டு வேலை உண்டா என்று கேட்கப் போன நம் பெண்களுக்குக் கிடைத்த பதில் அது. எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று நாம் எழுதப்போவதில்லை. அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

நம் சங்கத்தில் ரயில்வே குமாஸ்தாக்கள் சிலர் இருக்கிறோம். (கொள்ளேகாலுக்கு இன்னும் ரயில் வரவில்லை என்பது தனிக்கதை. சாமராஜநகரிலும் மைசூரிலும் வேலை பார்த்துவிட்டு பஸ் பிடித்து வீடு திரும்புகிறவர்கள் நாம்.) கூட்ஸ் ஷெட்டில் நூறு மூட்டை ஏறி தொண்ணூற்றாறு இறங்கினால், ‘எலி’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு எழுந்து போய்விட முடியாது. வாகன் கதவில் முத்திரை இருந்ததா, எந்த ஸ்டேஷனில் உடைந்தது, தார்ப்பாய் கிழிந்திருந்ததா, எலி நுழையும் ஓட்டை எத்தனை நாளாக அடைக்கப்படாமல் கிடந்தது என்று கேள்வி மேல் கேள்வி வரும். குறைந்த நாலு மூட்டைக்கு யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும். ஒரு தோப்பே பட்டுப்போனால் மட்டும் பூச்சி மேல் எழுதி கோப்பை மூடிவிடலாமாம்! ஓட்டை போட்டது யார் என்று கேட்க ஒரு ஆள் கிடையாதா?

பூச்சி பொய் என்று நாம் சொல்லவில்லை. பூச்சி உண்மை. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம் உள்ள கறுப்புக் குளவி அது. ஆஸ்திரேலியாவில் பிறந்த இனம். 2000-ம் ஆண்டு வாக்கில் மேற்காசியாவில் தலைகாட்டியது. 2001-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் எது தெரியுமா? மண்டியா மாவட்டம்! சிவனசமுத்திரத்தில் காவிரியைத் தாண்டினால் மண்டியா. நம் கொல்லைப்புறம் என்றே சொல்லலாம். அதற்கு விஞ்ஞானிகள் முறையாகப் பெயர் சூட்டியதே 2004-ல்தான்: லெப்டோசைப் இன்வாசா. பெயர் வைப்பதற்குள் அது தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரவிவிட்டது.

அது இலையைத் தின்பதில்லை. கொழுந்து இலையின் நடுநரம்பிலும் காம்பிலும் இளந்தண்டிலும் முட்டையைச் செருகிவிடுகிறது. அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்குகிறது. முதலில் பச்சை, பிறகு வெளிர்சிவப்பு, கடைசியில் அரக்கு நிறம். உள்ளே புழு. மருந்தடித்தால் வெளித்தோலில் வழிந்து ஓடுமே தவிர உள்ளே இருப்பதைத் தொடாது. நாலரை மாதம் போல ஆனதும் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. ஆண் துணை அநேகமாகத் தேவையில்லை, பெண் குளவி தனியாகவே முட்டையிட்டுப் பெருகிவிடும். பெரிய மரம் தாக்குப்பிடிக்கும். சிறுகன்றும், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து வரும் மறுதாம்பும்தான் குறுகிச் சுருண்டு, குருத்து கருகி, குட்டையாகவே நின்று சாகின்றன.

இந்த மறுதாம்பு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். நீலகிரி மரத்தை ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுவார்கள். பிறகு நடுகூலி இல்லாமல், குழிக்கூலி இல்லாமல் அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்த்து வரும். ஒருமுறை நட்டால் மூன்று வெட்டு என்பதுதான் இந்த மரத்தின் லாபக் கணக்கு. குளவி கைவைத்தது சரியாக அந்த இரண்டாவது, மூன்றாவது வெட்டில். வெட்டு இல்லையென்றால் பட்டை உரிக்கும் கூலி இல்லை, லாரி ஏற்றும் கூலி இல்லை, கொம்பும் கிளையும் விறகாக வீட்டுக்கு வருவதும் இல்லை. இந்த நஷ்டம் எந்தப் பேரேட்டில் இருக்கிறது? ஆலைக்கு எத்தனை டன் குறைந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. நம் பெண்களுக்கு எத்தனை நாள் கூலி குறைந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

இனி, பேசுவதற்கே கூச்சப்படுகிற ஒன்றைப் பேசிவிடுவோம். அன்றைக்கு அலுவலகத்து வாசலில் இன்னொரு வார்த்தையும் விழுந்தது. “பூச்சியும் வெளியிலிருந்து வந்தது, நீங்களும் வெளியிலிருந்து வந்தவர்கள்.” சொன்னவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்ட நம் பெண்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. கன்னடத்தில் ‘ஹொரகினவரு’, தமிழில் ‘வந்தேறி’. பத்திரிகைக்காரர்கள் பூச்சிக்குச் சூட்டும் பட்டம் நமக்கும் எத்தனை சுலபமாகப் பொருந்திவிடுகிறது பாருங்கள்!

வெளியிலிருந்து வந்தது யார் என்று கேட்டால் நாமும் பட்டியல் படிப்போம். கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். வீட்டை விட்டு ஓரடி நகராமலே மாநிலம் மாறிய குடும்பங்கள் நம்மில் உண்டு. கூலிக்காக மேஸ்திரி லாரி ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய குடும்பங்களும் உண்டு. பூச்சியும் அப்படித்தான். அது சுயமாகக் கப்பலேறவில்லை. நாற்றோடும் தழையோடும் மனிதர்கள் ஏற்றி இறக்கியதுதான் பாதி. செடியோடு பூச்சி உள்ளே வராமல் தடுக்க வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1914-ல், ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். இறக்குமதிச் செடிகளுக்கான விரிவான ஆணை வந்தது 2003-ல். பூச்சி வந்தது 2001-ல். கொள்ளை போன பிறகு பூட்டுப் போட்டால் போதுமா?

அந்த மரம்தான் என்ன, மண்ணின் மைந்தனா? திப்பு சுல்தான் 1790 வாக்கில் ஆஸ்திரேலிய விதையை வரவழைத்து நந்தி மலையில் நட்டார் என்கிறது வரலாறு. 1843-ல் வெள்ளைக்காரர்கள் விறகுத் தேவைக்காக நீலகிரியில் நட்டார்கள். அதனால்தான் கன்னடத்தில் அதற்கு நீலகிரி என்றே பெயர். இங்கே வளர்ந்த பிள்ளைகள் தைலமரம் என்றால் விழிப்பார்கள், நீலகிரி என்றால் தெரியும். தோட்டத்துக்கு நாலு மரம் என்று இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை. பூச்சி அப்போதே வந்திருந்தால் ஒரு மரத்தைக் கண்டுபிடித்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் ஓய்ந்திருக்கும்.

1983-ல் உலக வங்கிக் கடனோடும் பிரிட்டிஷ் உதவியோடும் ‘சமூகக் காடு’ என்ற திட்டம் கர்நாடகத்துக்கு வந்தது. பெயரில் சமூகம் இருந்தது. மண்ணில் நின்றதோ பெரும்பாலும் நீலகிரி. கேழ்வரகு விளைந்த நிலத்தில் நீலகிரி, ஏரிக்கரையில் நீலகிரி, மாடு மேய்கிற கோமாளத்தில் நீலகிரி! அந்த ஆகஸ்டிலேயே தும்கூர் மாவட்டத்துக் கன்னட விவசாயிகள் நாற்றங்காலுக்குள் புகுந்து நீலகிரி நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புளியும் மாவும் விதைத்தார்கள். 1984-ல் மாநில அரசு ஹரிஹரத்து ஆலைக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து கர்நாடகா பல்ப்வுட் லிமிடெட் என்று தொடங்கி, சுமார் 30,000 ஹெக்டேர் பொதுநிலத்தை ஆலைமரத்துக்கு எழுதிக்கொடுக்க முனைந்தது. எழுத்தாளர் சிவராம காரந்தை முன்னிறுத்தி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1987 நவம்பர் 14-ல் தார்வாட் பக்கம் குஸ்நூரில், சமாஜ பரிவர்த்தன சமுதாயத்தின் தலைமையில், பிடுங்கு-நடு என்று ஒரு சத்தியாக்கிரகம்! நீலகிரியைப் பிடுங்கிவிட்டு ஊருக்குப் பயன்படும் மரத்தை நட்டார்கள். 1991-ல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

அந்த நாளில் நம் மூத்தவர்கள் எங்கே இருந்தார்கள்? உண்மையை எழுதுவோம். குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, பாலித்தீன் பையில் மண் நிரப்பி, தலையில் நாற்றுத் தட்டு சுமந்து, இந்தப் பக்கத்து நீலகிரியில் கணிசமான பங்கை நட்டது நம் கைகள். ‘பிடுங்கு’ என்று கன்னட விவசாயி சொன்னபோது நமக்குக் கோபம்கூட வந்தது. வாயில் போகிற சோற்றைத் தட்டிவிடுகிறானே என்று நினைத்தோம். இன்றைக்கு யோசித்தால் அவன் சொன்னது சரி. ஒரே மரத்தை மைல் கணக்கில் நடாதே என்றான். நாம் காதில் வாங்கவில்லை.

ஒரே மரம் என்பதும் முழு உண்மையல்ல, அதைவிட மோசம். பிறகு வந்தது குளோன் நாற்று. நன்றாக வளர்ந்த ஒரு தாய்மரத்திலிருந்து கொம்பு வெட்டி வேர்விட வைத்து, அதே மரத்தின் நகலை ஆயிரக்கணக்கில் நடுவது. ஒன்றுக்கு வந்த நோய் அத்தனைக்கும் வரும். ஒன்றின் பலவீனம் அத்தனையின் பலவீனம். சில குளோன்கள் இந்தக் குளவியைத் தாங்கின, சில அடியோடு படுத்துவிட்டன. ஒரே சாவியில் திறக்கிற ஆயிரம் பூட்டைக் கதவுக்கு ஒன்றாக மாட்டிவைத்தால் திருடனுக்கு என்ன கஷ்டம்?

கொள்ளேகால் பட்டுக்காரர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரியில் ஏறியது. வெள்ளை மாவு அப்பிய இலையைப் புழு தொடாது. இலை இல்லாமல் கூடு ஏது, கூடு இல்லாமல் நூற்பு ஏது? நம் தறிக்கார வீடுகளும் நூற்புப் பெண்களும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்போது என்ன நடந்தது? 2010-ல் போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து அந்தப் பூச்சிக்கு எமனான ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை விமானத்தில் வரவழைத்தார்கள். பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் பெருக்கியது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலையமும் கைகொடுத்தன. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்த விஞ்ஞானிகளுக்கு நம் வணக்கம். அரசாங்கம் நினைத்தால் பூச்சியை வெல்லலாம் என்பதற்கு நம் ஊர் மல்பெரியே சாட்சி.

நீலகிரிக் குளவிக்கும் எதிர்க்குளவியைத் தேடிக் கண்டார்கள், மறுக்கவில்லை. அதன் பின்னால் காகித ஆலைகளின் அவசரம் இருந்தது. ஆலைக்கு வேண்டாத மரத்தின் கதி என்ன? கல்யாண முருங்கையைக் கேளுங்கள். கல்யாணத்துக்குப் பந்தல்காலாக நட்ட மரம், சளி பிடித்தால் அரிசியோடு அரைத்து அடை தட்டிய இலை. 2005-06 வாக்கில் கேரளத்தில் கண்ட இன்னொரு குளவி, ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டது, அதன் தளிரையெல்லாம் முண்டும் முடிச்சுமாக்கியது. காப்பித் தோட்டத்து நிழல்மரம், மிளகுக்கொடி ஏறும் மரம், வேலியோரத்து மரம் என்று ஒன்றையும் விடவில்லை. அதே குளவி 2005 ஏப்ரலில் பசிபிக் கடல் நடுவே ஹவாய் தீவுக்கும் போனது. அங்கே கல்யாண முருங்கைக்குச் சொந்தக்கார மரம் ஒன்று, விலிவிலி என்று பெயர், பொதுக்காட்டில் வளர்வது. காகிதத்துக்கு ஆகாது, பலகைக்கும் ஆகாது. இருந்தும் ஹவாய் அரசு ஆள் அனுப்பி, ஆப்பிரிக்கா முழுக்கத் தேடி, டான்சானியாவில் அந்தக் குளவியின் எதிரியைப் பிடித்து, சோதித்துப் பார்த்து, 2008 நவம்பரில் விட்டது. விலிவிலி மரங்கள் மீண்டும் தழைத்தன. லாபம் தராத மரத்துக்காக ஒரு அரசாங்கம் கண்டம் தாண்டிப் போயிருக்கிறது. நமக்கு ஏரிக்கரை தாண்டி வந்து பார்க்க ஆள் இல்லை!

சரி, நமக்கேன் இந்த வம்பு என்று கேட்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யமாட்டோம். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கமும் தமிழ்க் குடும்பங்கள் பட்டதை மறந்தவர் யார்? காடு என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய ஆண்டுகளும் உண்டு. வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் மாதேஸ்வரன் மலைச் சுற்றுப்புறத்தில் சோளகர் என்றும் தமிழர் என்றும் பாராமல் அப்பாவிகள் கொண்டுபோகப்பட்டார்கள். நீதிபதி சதாசிவா தலைமையில் தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்து, 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கச் சொன்னது. சந்தன மரத்தையும் நினைத்துப் பாருங்கள். சொந்தப் பட்டாவில் முளைத்தாலும் அது அரசாங்கச் சொத்து என்று 2001 வரை சட்டம். இலை சிறுத்து ஈர்க்காகும் நோய், தத்துப்பூச்சி சுமந்து திரியும் நோய், குடகில் 1899-ல் கண்டது, மைசூர், கோயம்புத்தூர்க் காடுகளில் சந்தனத்தைச் சாய்த்தது. காரணக் கிருமி எது என்று தெரியவே 1969 ஆயிற்று. அந்த எழுபது வருஷமும் காட்டோரத்து ஏழை சந்தனத்துக்குப் பக்கத்தில் நின்றாலே திருடன்தான்.

இன்றும் அதே பாட்டு வேறு ராகத்தில். தோப்பு ஏன் மெலிந்தது என்றால் முதலில் பூச்சி, இரண்டாவதாக ‘விறகு பொறுக்கும் பெண்கள்’. உலர்ந்த சுள்ளியை எடுத்த தாய்மாரின் கத்தியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு வாங்கிப் போ என்கிற கதை நம் தெருவிலேயே நடந்திருக்கிறது. காஸ் சிலிண்டர் விலை தெரிந்தவர்களுக்குச் சுள்ளியின் அருமை தெரியும். பச்சை மரத்தின் நடுநரம்பில் முட்டை வைத்தது சுள்ளி பொறுக்கிய பெண்ணா? குளோன் நாற்றுக்கு ஆர்டர் போட்டது அவளா?

2017-ல் கர்நாடக அரசு நீலகிரியைப் புதிதாக நடத் தடை விதித்தது. 1983-ல் தும்கூர் விவசாயி சொன்னதை அரசாங்கம் ஒப்புக்கொள்ள முப்பத்துநாலு வருஷம்! ஆகவே நின்று சாகிற இந்தத் தோப்புகள் என்றைக்காவது ஏலத்துக்கு வரும். அடிக்கட்டை தோண்டப்படும். அந்த இடத்தில் அடுத்தது என்ன என்பதுதான் இப்போது பேச வேண்டிய பேச்சு. சவுக்கா, மலைவேம்பா, வேறொரு ‘ஏழு வருஷத்து அதிசய மரமா’? எதுவானாலும் ஒரே மரமாக வந்தால் அடுத்த பூச்சிக்கு இலைபோட்டுப் பரிமாறுகிறோம் என்றே பொருள். சுபாபுலையும் இப்படித்தான் அதிசய மரம் என்று தலையில் வைத்து ஆடினார்கள். 1988-ல் தமிழ்நாட்டில் ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி வந்து அதன் கொழுந்தையெல்லாம் உறிஞ்சிவிட்டுப் போனது.

கிராம சபையில் நாம் வைக்கப்போவது இதுதான். பொதுநிலத்தில் புளி, புங்கன், வேம்பு, நாவல், ஆல், மூங்கில் என்று கலந்து நடவேண்டும், நடும் பட்டியலைச் சபையில் படித்துவிட்டே நடவேண்டும். நாற்றை வெளியிலிருந்து லாரியில் இறக்கும் முன் முடிச்சு, மாவு, ஓட்டை உண்டா என்று பார்த்து எழுதிய சீட்டு வேண்டும். அதைவிட உள்ளூர் விதையில் உள்ளூர் நாற்றங்கால் போட்டு அந்த வேலையை இங்குள்ள பெண்களுக்குக் கொடுப்பது உத்தமம். விழுந்த சுள்ளி பொறுக்குகிறவரின் கத்தியைப் பிடுங்கக்கூடாது. 2002-ம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு குழு இருக்கவேண்டும், ஊரின் மரஞ்செடி கொடிக்கு ஒரு பதிவேடு இருக்கவேண்டும். அந்தப் பதிவேட்டை மேசை மேல் வைக்கச் சொல்வோம். தோப்பு எந்த வருஷம் நடப்பட்டது, எந்த வருஷம் மறுதாம்பு பட்டது, அதற்கு முன் அங்கே என்ன மரம் நின்றது என்று அதில் எழுதச் சொல்வோம்.

இதைத் தனியாகக் கேட்கவும் கூடாது. கன்னட விவசாயத் தோழர்களும் சோளகர் குடியிருப்பிலிருந்து சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காட்டைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முதலில் பேசட்டும், நாம் அடுத்துப் பேசுவோம். விண்ணப்பம் கன்னடத்தில் எழுதப்படுகிறது. பள்ளியில் கன்னடம் படிக்கிற நம் பிள்ளைகள் அதை வீட்டில் வாசித்துக் காட்டட்டும், பெற்றவர்கள் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடட்டும்.

சபைக்கு வரும்போது ரேஷன் கார்டு நகல் ஒன்று கொண்டுவாருங்கள். நாற்றங்காலிலோ நடவிலோ வேலை செய்த பழைய கூலிச் சீட்டு பெட்டியடியில் கிடந்தால் அதையும் எடுத்துவாருங்கள். சீட்டு இல்லாதவர்கள், எந்த வருஷம் எந்தக் கரையில் எத்தனை குழி வெட்டினோம் என்று வாயால் சொன்னால் போதும். சங்கத்து மேசையில் நோட்டுப் புத்தகம் திறந்திருக்கும், நாம் எழுதிக்கொள்கிறோம்.